மூன்றாவது தடவை கேட்டிருந்தால்

முதியோர் மன்றத்துச் சுவரில் மார்லிஸ் காங்கஸின் படத்தை மாட்டப் போகிறார்கள். ஆள் நன்றாகத்தான் இருக்கிறாள், இது மரியாதைக்கு. படத்துக்குக் கீழே ஒட்ட, அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடு லாய்ட் என்று என்னிடம் வந்து நின்றார்கள். நான் முப்பத்தொரு வருடம் இரும்புத்தாது ரயிலில் பிரேக் பார்த்தவன். எழுத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் பதினோரு வருடமாக அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று காபி போடுகிறவன் நான்தான். வேறு யாராவது எழுதினால் சர்க்கரையைக் கொட்டி வைப்பார்கள். அதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

மார்லிஸ் முப்பத்துநாலு வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆபீசில் இருந்தவள். ஊரில் நாற்பது வயதுக்காரன் எவனைக் காட்டினாலும், அவன் எந்த வகுப்பில் வயிற்றுவலி என்று பொய்ச் சீட்டுக் கொடுத்தான் என்று சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியவில்லை. டுலூத் நகரத்துக்குப் போய் ஐந்து நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஒரு சிவப்புக் கோப்போடு திரும்பி வந்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மன்றத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, வருகிற கிழடுகளுக்கெல்லாம் மெடிகேர் என்றால் என்ன என்று விளக்குவாள். சம்பளம் கிடையாது.

அறுபத்தைந்து வயதானால் அரசாங்கத்தின் மருத்துவக் காப்பீடு உண்டு என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அது சிலருக்குத் தானாக வராது, வந்தாலும் எல்லாவற்றுக்கும் கொடுக்காது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தபாலில் வரும் கடிதங்களை ரொட்டி வாங்கிய பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பாள்.

ஆர்டிஸ் ஒரு நாள் அழுதுகொண்டே வந்தாள். வாழ்நாளில் சம்பள வேலைக்கே போனதில்லை. புருஷன் விட்டுவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

"அவன் கூட எத்தனை வருஷம் குடும்பம் நடத்துன?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"பன்னெண்டு."

"சட்டப்படி பிரிஞ்சீங்களா? அப்புறம் நீ கல்யாணம் பண்ணிக்கலையே?"

"ஒண்ணு போதாதா?"

"அப்ப கண்ணைத் தொடை. பத்து வருஷத்துக்கு மேல இருந்திருக்க. அவன் வேலை பார்த்த கணக்குல உனக்கும் உரிமை உண்டு."

"பன்னெண்டு வருஷத்துல அந்தப் பாவி எனக்குப் பண்ண ஒரே நல்ல காரியம்," என்றாள் ஆர்டிஸ்.

ஹெர்ஷல் வந்து பட்டியல் கேட்டான். பல் செட்டு? வராது. கண்ணாடி? வராது. காது மிஷின்? வராது. "அப்ப கழுத்துக்கு மேல நான் யாரோவா?" என்று கத்தினான். காது கேட்காததால் எப்போதும் கத்துவான். மன்றமே சிரித்தது. மார்லிஸ் சிரிக்காமல் அவனை வேறு மனுவில் கையெழுத்துப் போடவைத்து, இரண்டு மாதத்தில் காது மிஷின் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

எதை விளக்கினாலும் கடைசியில் ஒரு பாடத்தைச் சேர்த்துச் சொல்லாமல் அவள் யாரையும் அனுப்பியதில்லை. பென்சிலால் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வாள். எனக்கு மனப்பாடம்.

"ஆஸ்பத்திரியில கட்டில் குடுத்துட்டாங்க, கையில பட்டை கட்டிட்டாங்க, ஜெல்லி குடுத்துட்டாங்க, அதனால அட்மிட் ஆயிட்டோம்னு நினைக்காதீங்க. 'கண்காணிப்பு'ன்னு எழுதி வச்சிருந்தா, பத்து நாள் படுத்திருந்தாலும் நீங்க வெளிநோயாளிதான். உள்நோயாளியா மூணு ராத்திரி இருந்தாத்தான், அப்புறம் நடை பழக பராமரிப்பு இல்லத்துக்குப் போனா மெடிகேர் குடுக்கும். மொத நாளே டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்க. வெக்கப்படாதீங்க. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்."

எல்லாரும் தலையாட்டுவார்கள். நான் காபிக் கெட்டிலோடு போய் நிற்பேன்.

"காபி குடிக்கிறியா மார்லிஸ்?"

"வேணாம், வேணாம்."

"சூடா இருக்கு."

"இல்ல லாய்ட், உனக்கு எதுக்குச் சிரமம்."

"ஊத்திட்டேன்னு வச்சுக்கோ."

"சரி, அரைக் கப் போதும்."

முழுக் கப் ஊற்றுவேன். முழுவதையும் குடிப்பாள். வடக்கு மினசோட்டாவில் இப்படித்தான். யாராவது ஒன்றை நீட்டினால் முதல் தடவை வேண்டாம் என்போம், அது மரியாதை. இரண்டாவது தடவையும் வேண்டாம் என்போம், அதுவும் மரியாதை. மூன்றாவது தடவையும் நீட்டினால்தான் மனதார நீட்டுகிறார் என்று வாங்கிக்கொள்வோம். முதல் தடவையே கையை நீட்டுகிறவனைப் பஞ்சத்தில் அடிபட்டவன் என்பார்கள். என் அம்மா அதற்காக என் கையில் அடித்திருக்கிறாள்.

மார்லிஸின் புருஷன் ரெய்னோ என் கூட ரயிலில் வேலை பார்த்தவன். அதிகம் பேசமாட்டான். பேசினாலும் "பரவாயில்ல" என்பதோடு முடித்துக்கொள்வான். வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரையில் அவன் கையால் கட்டிய சானா அறை இருக்கிறது. பின்கதவிலிருந்து அதற்கு நாற்பத்தாறு அடி. சனிக்கிழமை தவறாமல் விறகு போட்டுக் கல்லைக் காயவைத்து, மூன்று பேரும் வியர்க்க உட்காருவோம். அவன் அந்த வாரத்துக்குப் பேசவேண்டியதை அங்கேதான் பேசுவான். அதுவும் ஏரியைப் பற்றியே இருக்கும்.

போன பிப்ரவரியில் கூரையில் சேர்ந்த பனியைத் தள்ளுகிறேன் என்று ஏணியில் ஏறினான். எழுபத்தாறு வயது. ஏணி வழுக்கியது. மார்லிஸ் எனக்குப் போன் செய்தபோது குரலில் ஒன்றும் தெரியவில்லை. "ரெய்னோ கொஞ்சம் கீழ இருக்கான் லாய்ட். உனக்கு வேலை இல்லன்னா வா," என்றாள். நான் போனபோது அவன் பனியில் மல்லாந்து கிடந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் என்னைப் பார்த்து, "நீ எதுக்கு இந்தக் குளிர்ல வந்த?" என்று கேட்டான்.

இடுப்பெலும்பில் இரண்டு இடத்தில் கீறல். அறுவை சிகிச்சை தேவையில்லை, வலிக்கு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். நர்ஸ் பொண்ணு யெசேனியா டெக்ஸாஸிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல பொண்ணு. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ரெய்னோவிடம் குனிந்து கேட்டாள்.

"வலி எவ்வளவு சார்? ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

ரெய்னோவின் நெற்றியில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல் வெளுத்திருந்தது.

"பரவாயில்லம்மா. ரெண்டு இருக்கும்."

அவள் இரண்டு என்று எழுதிக்கொண்டாள். எங்கள் ஊர்ப் பழைய நர்ஸ் யாராவது இருந்திருந்தால் ரெய்னோவின் இரண்டை எட்டு என்று எழுதியிருப்பாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நானும் இந்த ஊர்க்காரன்தானே, வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் யெசேனியா ஒரு தாளோடு வந்தாள்.

"மேடம், சார் இப்போ கண்காணிப்புலதான் இருக்கார். உள்நோயாளியா சேர்க்கல. இதைப் படிச்சிட்டு கையெழுத்துப் போடணும். டாக்டர்கிட்ட இதைப் பத்திப் பேசணும்னா சொல்லுங்க, பக்கத்து வார்டுலதான் இருக்கார். கூட்டிட்டு வரவா?"

மார்லிஸ் அந்தத் தாளைப் பார்த்தாள். அவள் சிவப்புக் கோப்பில் அதே தாள் மாதிரிக்கு இருக்கிறது. ஊரில் நூறு பேருக்காவது அதைக் காட்டியிருப்பாள். நான் சாண்ட்விச்சை மெல்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். இதோ, பென்சிலால் தட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஐயோ, வேணாம் கண்ணு," என்றாள். "அவருக்கு எவ்வளவோ வேலை இருக்கும்."

"சரி மேடம்," என்றாள் யெசேனியா. பேனாவை நீட்டினாள். மார்லிஸ் கையெழுத்துப் போட்டாள். பொண்ணு தாளை வாங்கிக்கொண்டு, தண்ணீர்க் குவளையை நிரப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்லிஸ் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரெய்னோவின் காலுறையைச் சரிசெய்தாள். அடுத்த நாள் டாக்டரே வந்து, "ஏதாவது கேக்கணுமா?" என்றார். "இல்ல டாக்டர், எல்லாரும் நல்லா பார்த்துக்கறீங்க," என்றாள். அவர் கைகுலுக்கிவிட்டுப் போனார். அவரும் கேட்டது ஒரே தடவைதான்.

நாலு ராத்திரி போனது. ஐந்தாம் நாள் காலை ஆஸ்பத்திரி சமூகசேவகி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இவரால் ஆறு வாரத்துக்கு எழுந்து நடக்க முடியாது, தினம் பயிற்சி கொடுக்கும் பராமரிப்பு இல்லத்துக்குப் போவதுதான் நல்லது, விட்டால் காலில் பலம் போய்விடும் என்றாள். அப்புறம் தொண்டையைக் கனைத்தாள்.

"ஆனா மெடிகேர் குடுக்காது மேடம். சார் ஒரு நாள் கூட உள்நோயாளியா..."

"தெரியும்," என்றாள் மார்லிஸ். "நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

அந்த இல்லத்தில் ஒரு நாளைக்கு ஆகும் தொகையைச் சமூகசேவகி சொன்னாள். ரெய்னோ முதல் தடவையாகச் சிரித்தான். "அந்தக் காசுக்கு நான் ரெண்டு ஏணி வாங்குவேன்," என்றான். "வீட்டுக்குப் போலாம். பரவாயில்ல."

மார்லிஸ் குடும்ப டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் ஆஸ்பத்திரியில் பேசிப் பார்த்துவிட்டு, "மொத நாளே என்னைக் கூப்பிட்டிருந்தா ஏதாவது பண்ணியிருப்பேனே, மார்லிஸ்," என்றாராம். எல்லாரிடமும் அவள் சொல்லும் அதே பாடம். அவள் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வண்டியில் திரும்பும்போது ரெய்னோ மருந்து மயக்கத்தில் தூங்கிவிட்டான். சாலை இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா என் மேலா என்று தெரியவில்லை.

"உனக்குத் தெரியாததா? ஏன் கேக்கல?" என்றேன்.

அவள் திரும்பி ரெய்னோவின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு இன்னொரு தடவை கேப்பான்னு இருந்தேன்," என்றாள்.

அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

முன்னறையில் கட்டில் போட்டோம். மெடிகேர் கணக்கில் வீட்டுக்கே பயிற்சி கொடுக்க ஓர் ஆள் வந்தான், வாரம் இரண்டு தடவை. அது போதவில்லை. மற்ற நாளெல்லாம் மார்லிஸ்தான் தூக்கவேண்டும். அவளுக்கு எழுபத்துமூன்று வயது, ஒரு தோள்பட்டை ஏற்கெனவே போனது. வலிக்கிறதா என்று அவள் கேட்பாள், இல்லை என்பான் ரெய்னோ. உனக்குத் தோள் வலிக்கிறதா என்று அவன் கேட்பான், இல்லை என்பாள். இரண்டு பேரும் பொய். நான் காலையில் போய் ஒரு கை கொடுப்பேன். எனக்கும் எண்பது நெருங்குகிறது. மே மாதம் பயிற்சிக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு, காலில் இனி முன்னேற்றம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது சக்கர நாற்காலி. ஜன்னல் வழியாகச் சானா அறையின் புகைக்குழாய் தெரியும். நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகலாம் வா என்று நான் கூப்பிட்டேன். வேண்டாம் என்றான். மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் வேண்டாம் என்றான். அதற்குப் பிறகு அந்தச் சானாவில் விறகு எரியவில்லை.

மன்றத்தில் பேசத்தான் செய்தார்கள். "ஊருக்குத்தான் உபதேசம்," என்று ஹெர்ஷல் கத்தினான். புதுக் காது மிஷின் வந்தும் கத்துவதை அவன் விடவில்லை. ஆர்டிஸ் எழுந்து போய், "உன் காதுல இருக்கிறது யார் வாங்கிக் குடுத்தது? கழட்டி வச்சிட்டுப் பேசு," என்றாள். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் ஆர்டிஸ் ரெய்னோவோடு போய் உட்கார்ந்திருக்க ஒப்புக்கொண்டாள்.

மாதக்கணக்கில் மன்றத்துக்கு வராதிருந்த மார்லிஸ் அக்டோபரில் திரும்பி வந்தாள். சிவப்புக் கோப்பை மேஜையில் வைத்தாள். அதில் மேலே இருந்தது மாதிரித் தாள் இல்லை, அவள் கையெழுத்துப் போட்டதன் நகல். முதலில் வந்தவன் பக்கத்து ஊர் விவசாயி, மனைவிக்கு மூட்டு ஆபரேஷனாம். அவள் தாளை அவன் பக்கம் திருப்பிவைத்து, கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். பென்சிலால் தட்டவில்லை.

"இது நான் போட்டது. என் வீட்டுக்காரன் இனிமே நடக்கமாட்டான்," என்றாள், பேருந்து நேரம் சொல்வது போல. "டாக்டரைக் கூப்பிடவான்னு ஒரு தடவைதான் கேப்பாங்க. மொத தடவையே கூப்பிடுன்னு சொல்லணும். சொல்லிப் பாருங்க."

அந்த மனுஷன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினான். "சொல்லிடுறேன்."

"இப்ப சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்."

"கூப்பிடுங்க," என்றான் அவன், முகமெல்லாம் சிவந்துபோய்.

நான் கெட்டிலோடு போய் நின்றேன். பழக்கதோஷம், வேறென்ன.

"காபி குடிக்கிறியா மார்லிஸ்?"

"குடு," என்றாள். "முழுசா ஊத்து."

அடுத்த மேஜையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது தடவை கேட்பதற்கு நான் வாயைத் திறந்துவிட்டிருந்தேன். மூடிக்கொண்டு ஊற்றினேன்.