கைப்பையில் போன டெலிபோன் ஒயர்

2003ஆம் வருடம், மே மாதம். பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பட்டுப் புடவைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மயிலோ, மாங்காயோ, எதைக் கேட்டாலும் கட்டம் கட்டமாக வரைந்து தள்ளிவிடுவேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு மிதப்பு.

எட்டாவது முடித்திருந்த என் மகள், விடுமுறை விட்டதிலிருந்து இன்டர்நெட்டே கதி என்று கிடந்தாள். திட்டினேன், கேட்கவில்லை. அதனால் டிசைன் பிளாப்பியைக் கொடுக்கப் பட்டுக் கடைக்குக் கிளம்பும்போதெல்லாம், கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு இணைக்கும் ஒயரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வேன். இனி எப்படி ஆட்டம் போடுவாள் பார்க்கலாம் என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு!

பெருமாள் கோயில் கருட சேவைத் திருவிழாவுக்கு மூன்று நாள் இருந்தது. கடையில் பார்டரை மாற்றச் சொன்னார்கள். வர நேரமாகும் என்று சொல்ல வீட்டுக்குப் போன் போட்டேன். எங்கேஜ்டு. கால் மணி நேரம் கழித்தும் எங்கேஜ்டு. அப்போதெல்லாம் இன்டர்நெட் ஓடினால் போன் இப்படித்தான் இருக்கும். ஆனால் ஒயர்தான் என் பையில் இருக்கிறதே! ஆட்டோ பிடித்து ஓடினேன்.

போய்ப் பார்த்தால், போனில் இருந்த ஒயரை உருவிக் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறாள்! இரண்டும் ஒரே மாதிரி ஒயர்தான். மேதாவி எனக்கு அது தோன்றவே இல்லை.

திரையில் அரட்டை ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் எட்டாவது படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்ட ஒருத்தி, அண்ணனோடு கருட சேவைக்கு வருகிறாளாம். தனியாக வந்து பார், அம்மாவிடம் சொல்லாதே, உன் தெரு எது என்று எழுதியிருந்தாள்.

கையை ஓங்கிவிட்டேன்.

"நேத்தே சொல்லணும்னு இருந்தேம்மா. எனக்கே பயமா இருக்குது. நீ எப்பப் பாரு திட்டிக்கினு, ஒயரைக் கழட்டிக்கினு போற. உங்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

சுருக்கென்று தைத்தது. கையை இறக்கினேன்.

"தெருப் பேரு சொல்லிட்டியாடி?"

"இல்லம்மா."

அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்க ஸ்கூல்ல ரெட்டை ஜடைக்கு இன்னா கலர் ரிப்பன்னு கேளு."

கேட்டாள். அதெல்லாம் எதற்கு, போன் நம்பர் கொடு என்று வந்தது.

"எட்டாவது படிக்கிறவளுக்கு ரிப்பன் கலர் தெரியாதாம்மா?" என்றாள் மகள். அந்தப் பெயரிலிருந்து இனி எந்த அரட்டையும் வராதபடி இருவரும் சேர்ந்தே தடுத்தோம்.

கருட சேவைக்கு அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு போனேன். பெருமாளைப் பார்த்ததைவிடக் கூட்டத்தில் ஆண்களின் முகங்களைப் பார்த்ததுதான் அதிகம்.

அதன்பின் ஒயரைக் கழற்றவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இரண்டாவது ஸ்டூல் நிரந்தரமானது. வாரத்துக்கு ஒரு சண்டையும் உண்டு, இல்லாமலா!

ஐந்து வருடம் ஓடிவிட்டது. இப்போது அவள் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். போன வாரம் போன் செய்தாள். "எவனோ மெசேஜா அனுப்பிக்கினே இருக்கான்மா, இன்னா பண்ணலாம்?" என்றாள். பதறத்தான் செய்தது. ஆனாலும், பயம் வந்ததும் அவள் முதலில் தேடியது என்னைத்தான் என்ற தெம்பில், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுசாகச் சொல்லும்மா என்றேன்.