பிளம்ஸ் போட்ட பியர்

மிச்சம் என்ற இந்த ஆங்கிலேய ஊரில் எங்கள் வீட்டுத் தோட்டத்து மூலையில் ஒரு மரக் கொட்டில் இருக்கிறது. அதில்தான் நான் பியர் காய்ச்சிவந்தேன். அதற்கு ஒரே கூட்டாளி அடுத்த வீட்டு அண்ணை. கடை நடத்தி ஓய்ந்தவர். பின்னேரம் நாலு மணியானால் வேலிக் கதவால் வந்து கொட்டில் கதவில் ஒரேயொரு முறை தட்டுவார். நாங்கள் தக்காளிக் கன்று பார்க்கிறோம் என்றுதான் அவருடைய மனைவி, நான் அக்கா என்று அழைப்பவர், நினைத்திருந்தார். குடி என்ற சொல்லையே அந்த வீட்டில் எடுக்கக்கூடாது.

ஒரு ஓகஸ்ட் முடிவில் அண்ணை தன் மரத்துப் பிளம்ஸ் பழங்களைப் பை நிறையக் கொண்டுவந்தார். முன்பு மாம்பழம் போட்டுப் பார்த்திருந்தோம். மணம் வந்தது, ருசி வரவில்லை. இந்த முறை பழங்களை ஃபிரீசரில் உறையவைத்து, இளகவிட்டு, கொட்டை நீக்கி, நொதித்து அடங்கியிருந்த பியரில் போட்டோம். மறுநாளே வாளி திரும்பவும் உயிர்த்துவிட்டது. மூடியில் செருகிய குழாயில் குமிழ் ஒவ்வொன்றாக வந்தது. அண்ணை வாளியில் காதை வைத்துக் கேட்டார்.

"மூச்சு விடுது, தம்பி."

ஐந்தாம் நாளே போத்தலில் அடைக்க வேண்டுமென்று நின்றார்.

"இன்னும் பத்து நாள் கிடக்கட்டும் அண்ணை. பழத்தின்ரை சீனி முடியேல்லை. போத்தில் வெடிக்கும்."

"எனக்கு அவ்வளவு நாள் காத்திருக்க ஏலாது."

சிரிக்காமல்தான் சொன்னார். என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. இருபது போத்தல்கள் அடைத்தோம். மூன்றாம் நாள் காலை, வெளியே போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

இங்கே உடல் கைக்கு வர நாளாகும். செத்தவீடு இரண்டு கிழமை தள்ளிப்போயிற்று. நான் கொட்டில் பக்கமே போகவில்லை. ஒன்பதாம் நாள் பின்னேரம் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். குசினி யன்னலோரம் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"தம்பி, உங்கடை கொட்டிலிலை ஆர் நிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை அக்கா."

"நாலு மணிக்குத் தட்டிக் கேக்குது. ஒருக்கால்தான். அவர் போனதிலயிருந்து ஒன்பது நாளும். பிள்ளையளுக்குச் சொல்லேல்லை, பயந்திடுவினம்."

கையிலிருந்த சாப்பாட்டை மேசையில் வைத்தேன். பிறகுதான் போத்தல்கள் நினைவுக்கு வந்தன. மனம் சற்று ஆறியது. வெடித்த சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறார்.

மழையில் ஓடிப்போய்க் கொட்டிலைத் திறந்தேன். பிளம்ஸ் மணம் முகத்தில் அடித்தது. தரை பிசுபிசுத்தது. கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளியபின் எண்ணிப் பார்த்தேன். பதினேழு போத்தல்கள் முழுதாக நின்றன. உடைந்தவை மூன்று. கழுத்துகளைத் தனியே பொறுக்கி வைத்து மறுபடி எண்ணினேன். மூன்றுதான்.

அதற்குமேல் மறைக்க மனம் வரவில்லை. திரும்பிப் போய் எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். அவர் அழவுமில்லை, கோபிக்கவுமில்லை.

"மூண்டோ உடைஞ்சது?"

"ஓம் அக்கா."

"அப்ப மிச்ச ஆறு நாளும்?"

மிச்சப் போத்தல்களும் வெடிக்குமுன் திறந்துவிட எழுந்தேன். அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு என்னோடு வந்தார். தடித்த கையுறை போட்டு, ஒவ்வொரு போத்தலையும் துவாயால் சுற்றி, புல்லில் வைத்து மூடியைத் தளர்த்தினேன். சிவந்த நுரை சீறிப் பாய்ந்தது. கடைசிப் போத்தலில் கொஞ்சம் மிஞ்சியது. அக்கா கையை நீட்டினார். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இந்தப் புளிப்புக்கோ இவ்வளவு களவு? சொல்லியிருந்தா நான் என்ன கொல்லவோ போறன்?"

அடுத்த நாள் நாலு மணிக்கு முன்பே போய் அக்காவோடு குசினியில் இருந்தேன். மணி நாலாகி ஐந்து நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று. வெளியே ஒரு சத்தமும் இல்லை. நான் ஆறுதலாக மூச்சுவிட்டேன். அக்கா மட்டும் நாலரை மணிவரை யன்னலை விட்டு நகரவில்லை.