உலகமே பார்க்கப்போன கேக் கடை

ஒரு முழுக் காவலரணையே என் கண் காணாமல் விட்டிருக்கிறது. மணல்மூட்டைகள், தகரப் பீப்பாய்கள், துவக்கு, துவக்கைச் சாத்திவிட்டு முதுகு சொறிந்துகொண்டிருந்த சிப்பாய், ஒன்றும் தெரியவில்லை. வாராவாரம் பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதி, எதையும் கூர்ந்து கவனிக்கிறவன் என்று பெயர் வாங்கியிருந்த அதே கண்தான்.

சமாதானம் பேச்சளவில் மட்டும் மிஞ்சியிருந்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதியைத் தொடுகிற மூலையில் ஓர் அக்கா கேக் கடை வைத்திருந்தார். கணவரோடு கொட்டாஞ்சேனையில் நடத்திய முதற்கடை எண்பத்துமூன்றுக் கலவரத்தில் எரிந்துபோயிருந்தது. கணவரும் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. இந்தக் கடையின் பெயர்ப்பலகையை வேண்டுமென்றே சின்னதாக வைத்திருந்தார். கேக் வேண்டியவன் தேடி வருவான், மற்றவன் காணத் தேவையில்லை என்பது அவருடைய விளம்பரக் கொள்கை.

நானோ இணைய வணிகம் பற்றிய ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை முக்கால்வாசி வாசித்திருந்தேன். முழுதாக வாசித்தவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். என்னைப்போன்ற முக்கால்வாசிக்காரர்களிடமிருந்துதான் அயலட்டைக்குத் தப்ப வழியில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கேயிருக்கிற தாய் தகப்பனுக்குப் பிறந்தநாள் கேக் அனுப்ப வழி தேடுகிறார்கள், ஒரு வெப்சைட் போட்டால் போதும் என்று அக்காவைப் பிடித்துக்கொண்டேன். ஆபத்துகளையும் ஒளிக்கவில்லை. திருட்டுக் கார்ட், வைரஸ், பொய் ஓடர் எல்லாவற்றையும் அரைமணி நேரம் விளக்கினேன்.

அக்கா ஐசிங் பையைக் கீழே வைத்தார்.

“அதுகள் கிடக்கட்டும் தம்பி. உதை ஆர் ஆர் பாக்கலாம்?”

“உலகம் முழுக்கப் பாக்கும் அக்கா.”

“உவையளுமோ?” கண்ணால் வாசலுக்கு வெளியே காட்டினார்.

“ஆமிக்காரனுக்கு உங்கட கேக்கைப் பாக்கிறதே வேலை?”

“பாக்கிறது வேலையில்லையோ? பின்ன என்னத்துக்கு உதில நிக்கிறான்?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“கனடாவில இருந்து ஆரோ ஒருத்தர் பாமன்கடையில ஒரு வீட்டுக்குக் கேக் குடுக்கச் சொல்லுவார். சொன்ன ஆளும் தெரியாது, வீடும் தெரியாது. கடைக்கு வாற ஆள் எண்டால் முகத்தைப் பாத்து ரெண்டு கதை கதைச்சு விளங்கிக்கொள்ளுவன். நாளைக்கு அந்த வீட்டில ஆரையும் பிடிச்சால் மேசையில என்ர பெட்டி இருக்கும். பெட்டியில என்ர விலாசம் இருக்கும்.”

புத்தகத்தில் இந்த ஆபத்துக்கு அத்தியாயம் இருக்கவில்லை. ஆகவே அப்படி ஓர் ஆபத்து இல்லை என்று முடிவு கட்டினேன்.

கடைசியில் என் நச்சரிப்புத் தாங்காமல் ஓம் என்றார். பம்பலப்பிட்டி லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த, கம்பியூட்டர் படித்த இளைஞன் ஒருவன் வெப்சைட்டைச் செய்து தந்தான். முகப்புப் படம் மட்டும் என் கைவண்ணம். போனும் இன்டர்நெட்டும் வாடகைக்கு விடுகிற எதிர்ப்பக்கக் கொமியூனிகேஷனின் மேல்மாடி யன்னலிலிருந்து, இரவல் கமராவில், வெயில் சாய்கிற நேரம் பார்த்து எடுத்தேன். வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது என்று பெருமை வேறு.

பக்கம் ஏறிய சில நாளில் அக்காவின் தங்கை ரொறொன்ரோவிலிருந்து கடைக்கு அழைத்தார். நானும் பக்கத்தில் நின்றேன். அவருடைய குரல் வீதிவரைக்கும் கேட்டது.

“கடை வடிவாயிருக்கு அக்கா! முன்னால அடுக்கியிருக்கிறது என்ன, மா மூட்டையோ? மா மூட்டைக்குத் துவக்கோட காவலோ?”

தொலைபேசியை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று எல்லோரும் நம்பிய காலம். அக்கா சட்டென்று ரிசீவரை வைத்தார்.

வீதியைக் கடந்து கொமியூனிகேஷனுக்குப் போய்ப் பார்த்தோம். படத்தில் கடை ஒரு ஓரம். நடுவில் காவலரண். ஒவ்வொரு நாளும் அடையாள அட்டையை நீட்டி நீட்டி அது எனக்குத் தந்திக்கம்பம் மாதிரி ஆகியிருந்தது. அதைத்தான் உலகம் முழுவதற்கும் காட்டிவிட்டிருந்தேன், கடையின் விலாசத்தோடு. கமராவோடு வீதியில் நின்றதற்கே ஆட்களைக் கொண்டுபோன நாட்கள் அவை.

படத்தைக் கழற்றும் பாஸ்வேர்ட் இளைஞனிடம் இருந்தது. அவனுடைய போன் வேலை செய்யவில்லை. லொட்ஜுக்கு ஓடினேன். முதல்நாள் சுற்றிவளைப்பில் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்றார் மனேஜர். திரும்பி வந்து சொன்னபோது அக்கா ஒன்றுதான் கேட்டார்:

“படத்துக்கோ?”

தெரியவில்லை. ஸ்டேஷனில் போய்க் கேட்கலாம். ஆனால் எதற்காகப் பயப்படுகிறோம் என்பதையும் அங்கேயே சொல்லவேண்டி வரும்.

கேக் வெட்டி மிஞ்சும் ஓரத்துண்டுகளை அக்கா காலையில் காவலரணுக்குக் கொடுப்பது வழக்கம். அடுத்த நாளும் கொண்டுபோனார். தட்டை வைத்ததும் திரும்பி நடந்தார். “மொகத அக்கே, அசனீபத?” என்று சிங்களத்தில் அந்தச் சிப்பாய் உண்மையான கரிசனையோடு சுகம் விசாரித்தான். அக்கா உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“கொட்டாஞ்சேனைக் கடையைக் கண்ட ஆக்கள்தான் எரிச்சவை, தம்பி. இதைக் காணாத ஆக்களுக்கும் நீங்கள் காட்டிப்போட்டியள்.”

கொமியூனிகேஷனில் போய் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் பார்வை பட்டே படம் அழிந்துவிடும் என்பதுபோல. அடுத்த நாளும் அதே வேலைதான்.

ஒருவழியாக இளைஞன் கொமியூனிகேஷனுக்கே வந்து சேர்ந்தான், தாடியும் கசங்கிய சேர்ட்டுமாக. லொட்ஜில் தங்குகிறவர்கள் செய்யவேண்டிய பொலிஸ் பதிவில் பழைய லொட்ஜின் விலாசம் இருந்ததாம், அதற்குத்தான் பிடித்தார்களாம். படத்தைப் பற்றி அங்கே ஒருவரும் மூச்சு விடவில்லை. அக்காவும் கேள்விப்பட்டு ஓடி வந்தார். சாப்பிடச் சொன்னோம். முதலில் படத்தைக் கழற்றினான். பிறகு, யார் யார் பார்த்தார்கள் என்ற விபரமும் அதில் விழும் என்று சொல்லி, தட்டிப் பார்த்தான்.

“பயப்பிடாதேங்கோ அண்ணை, ரெண்டே ரெண்டு கம்பியூட்டர்தான். ஒண்டு கனடா. மற்றது இந்தக் கொமியூனிகேஷன்தான். ஆரோ விசர் பிடிச்சவன் நாள் முழுக்கப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.”

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு என்னிடம் கேட்டார்:

“அப்ப கேக் வாங்கிற ஆக்கள் ஒருத்தரும் பாக்கேல்லையோ, தம்பி?”