ருமாதி விட்டுப்போன மலைத் தேரைகள்

நனைந்த பாசியின் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்குக் கல்கத்தாவின் ஜாதவ்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் குளியலறைதான் நினைவுக்கு வரும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மே மாதம், மாடியில் தங்கிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த ருமாதி, மஞ்சள் காமாலை கண்டு ஊருக்குப் போக நேர்ந்தபோது, டார்ஜிலிங் பக்கத்து ஓடையிலிருந்து கொண்டுவந்திருந்த இரண்டு மலைத் தேரைகளைப் பாசி பரப்பிய கண்ணாடித் தொட்டியோடு எங்களிடம் விட்டுப்போனாள். இந்த இனமே அருகிவருகிறது, சூடு மட்டும் ஆகாது என்று அவள் வங்காளத்தில் சொன்னதை, பத்து வயதுக்காரியான நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அம்மா தேரையைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவள். பகலெல்லாம் கல்லுக்கடியில் பதுங்கி, பொழுது சாய்ந்ததும் வெளியே வந்து, கரப்பான்பூச்சியைக் கண்களை உள்ளிழுத்து மூடியபடி அவை விழுங்குவதை முதலில் தூர நின்றுதான் பார்த்தாள். ஒருநாள் பெரியது தன் தோலை உரித்து, உரிக்க உரிக்க வாய்க்குள் தள்ளிக்கொண்டதைப் பார்த்து, "தன் சட்டையத் தானே திங்குது பாரு" என்று தொட்டியருகே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் "லோட்ஷெடிங்" என்ற மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டு, மின்விசிறி ஓடாமல் வீடு கொதித்தது. ஒரு மத்தியானம் சிறியது கால்களை நீட்டிச் செத்துக் கிடந்தது. அம்மா தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய் ஈரச் சாக்கைச் சுற்றினாள். பிறகு, திருநெல்வேலிச் சைவக் குடும்பத்தில் பிறந்து, சந்தையில் மீன் விற்கும் பக்கம் அதுவரை தலைவைத்தும் படுக்காதவள், என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே அங்கே போய்ப் பனிக்கட்டி கேட்டாள். என்ன மீன் வேண்டுமென்று கடைக்காரர் கேட்க, தனக்குத் தெரிந்த வங்காளத்தில், "மாச் நா, பாங்" என்றாள், மீனில்லை, தவளை. அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தாலும் பனிக்கட்டி தந்தார். மழை வரும்வரை தினமும் போனோம்.

உடம்பு தேறி வந்த ருமாதி, மிஞ்சியதை அதே ஓடையில் கொண்டுபோய் விட்டாள். அதைச் சொல்லி அவள் எழுதிய கடிதம் வந்தபோது அம்மா என்னை இருமுறை படிக்கச் சொன்னாள்.

இப்போது அந்த ஓடையைக் குழாய்க்குள் அடக்கி மேலே சாலை போட்டுவிட்டார்களாம். அங்கே அந்தத் தேரை கண்ணில் பட்டுப் பல வருடங்களாயிற்று என்று ருமாதி போனில் சொன்னாள். அம்மாவிடம் சொன்னேன். அவள் சொன்னாள்:

"நான் அந்த ஐஸை ஒரு நாள் முன்னாடி கேட்டிருந்தா, ரெண்டும் ஜோடியாப் போயிருக்கும்லா."