சத்தம் நின்ற வான்

ஓரிடத்தில் இருக்கமுடியாத ஆள் நான். அதனால் கட்டிலும் அடுப்பும் வைத்த ஒரு பெரிய வான் வண்டி வைத்திருக்கிறேன். நிறுத்துமிடத்தில் ஆடாமல் நிற்க அதன் அடியிலிருந்து நாலு ஹைட்ரோலிக் ஜாக்குகள் கால்கள் போல இறங்கும். ஒன்று சரியாக மேலே ஏறாவிட்டாலும் எச்சரிக்கை மணி கத்தும்.

கொஞ்ச நாளாக ஜாக்குகள் முனகின. ஓடும்போதும் மணி ஓயவில்லை. அச்சுவேலியில் கராஜ் வைத்திருக்கும் கூட்டாளியிடம் விட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து படித்தவன், என் பிள்ளைகளுக்கு மாமா.

"எண்ணெய் மாத்தி, காத்தெல்லாம் எடுத்துவிட்டனான். இனிக் கத்தாது மச்சான்."

கத்தவில்லை. அந்த அமைதியில் தெருக்காற்றுக்கூடக் கேட்டது, நெஞ்சு குளிர்ந்தது.

மறுநாள் கொக்குவில் ரயில் கடவையில் வான் இடித்து நின்றது. கீழே தொங்கிய ஒரு ஜாக் தண்டவாளத்தில் மாட்டியிருந்தது.

"அண்ணை, கோச்சி வருது! பிள்ளையளை இறக்குங்கோ!" கடவையை மூட வந்த காவலாளி அலறினார்.

மனைவியும் பிள்ளைகளும் குதித்தார்கள். நான் ரிவேர்ஸ் போட்டு மிதித்தேன். ஜாக் வளைந்து விடுபட்டது. கோச்சி எங்கள் முகங்களில் காற்றை அறைந்துகொண்டு போனது.

வானுக்கடியில் படுத்துப் பார்த்தேன். ஜாக்கில் அதே பழைய கறுப்பு எண்ணெய் ஒழுகியது. மணியின் வயரை வெட்டி, நுனியில் ஒட்டுகிற ரேப் சுற்றியிருந்தான் கூட்டாளி.

அவனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "நீ சத்தத்தை நிப்பாட்டத்தானே மச்சான் சொன்னனீ?" சிரித்தான்.

வயரை நானே திரும்பப் பூட்டினேன். இப்போது வேறு கராஜ். வேலை முடியும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். புறப்படுமுன் குனிந்து நாலு ஜாக்கையும் பார்க்கிறேன். "மாமா வீட்டை எப்ப போறது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் இன்னொருமுறை குனிந்து ஜாக்குகளைப் பார்க்கிறேன்.