மெட்டியை அறுத்த மாதம்

மூணாவதுக்கு மேல் படிக்காத நான், இந்தத் திருவண்ணாமலையில் அரிசி மில்லு, ரெண்டு கடை, ஒரு மாடி வீடு எல்லாம் கட்டினேன். ஒருத்தனும் கைகொடுக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் என் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். தாய் இல்லாதவள் என்பதால் என்னோடுதான் இருந்தாள். கால் வீங்கி மெட்டி சதையில் புதைந்துவிட்டது. நானே அரத்தால் ராவி அறுத்தேன்.

“மெட்டி போனா உங்க ஆயுசு கம்மியாயிடுங்க” என்று அழுதாள். உடனே, “குனிஞ்சா வயிறுதான் தெரியுது. எனக்குக் கால் இருக்குதா, பாத்துச் சொல்லுங்க” என்று சிரித்தாள்.

பிரசவத்தில் அவள்தான் போனாள். எனக்கு எண்பது தாண்டிவிட்டது.

“அம்மா தனியா கஷ்டப்பட்டு என்னைப் பெத்தாங்க” என்கிறாள் மகள், ஒவ்வொரு திதிக்கும். தனியாக இல்லை, மகளே. அந்தக் காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லு.