மூன்றாம் டிரம்முக்கு முன்னால் ஒரு ஜோடி செருப்பு

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் ஒன்று. மேல்விஷாரத்துக்கு வெளியே ஒரு டேனரியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எனக்கு ஓர் இடத்தில் சும்மா உட்கார வராது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் அம்மா, "கால்ல சக்கரம் கட்டினு பொறந்துட்டா" என்று எல்லோரிடமும் சொல்லுவார். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தது, ஜன்னலோரம் உட்கார்ந்து நாள் முழுக்க 'யெஸ்' அமுக்குகிற வேலை.

தோல் பதனிடுவதற்கு ஓர் அறை அளவு பெரிய மர டிரம்கள் இருக்கும். தோலையும் மருந்துத் தண்ணீரையும் உள்ளே போட்டுச் சுற்றவிடுவார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்திலேயே சுவிட்ச் உண்டு. உள்ளே ஒட்டிக்கொண்ட தோலை இழுக்க ஆள் இறங்கினால், செருப்பைக் கழற்றி டிரம்மின் வாய்க்கு நேர் கீழே விட்டுவிட்டுத்தான் இறங்குவார். செருப்பு கிடந்தால் முதலாளியே வந்தாலும் சுவிட்சைத் தொட மாட்டார். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு புரோகிராம் வாங்கினார்கள். டிரம் பக்கத்துச் சுவிட்சுகளைக் கழற்றிவிட்டார்கள். எல்லா டிரம்மையும் மாடியில் என் அறையிலிருந்த கம்ப்யூட்டரே சுற்றவிடும், நிறுத்தும், நேரமானால் மறுபடி சுற்றவிடும். டிரம் கதவு திறந்திருந்தால் மட்டும், "கதவு திறந்திருக்கிறது, சுற்றலாமா?" என்று திரையில் ஒரு பெட்டி வந்து கேட்கும். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு கதவிலிருந்த சென்சார்கள் கெட்டுப்போனதால், மூடிய கதவுக்கும் இதே கேள்விதான். ஒவ்வொரு தடவையும் நான் ஜன்னலில் தலையை நீட்டி, "மூணுல ஆள் இருக்கா?" என்று கத்துவேன். "இல்ல, சுத்து" என்று கீழேயிருந்து யாராவது பதில் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் யெஸ். இது போதாதென்று தண்ணீர் சூடு, பிரின்டரில் பேப்பர் என்று இன்னும் ஆயிரம் பெட்டி. பேஜார் பிடித்த வேலை. நான் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு பெட்டி வந்தால், டிரம் அப்படியே நிற்கும், தோல் கெடும்.

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. ஊருக்குள் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒரு பாயை வரவழைத்தார். அவரும் நானும் ஒன்றாகக் கோர்ஸ் படித்தவர்கள். கெட்டிக்காரர், கொஞ்சம் பீற்றலும் உண்டு. புரோகிராமைத் திருத்த முடியாது, அதன் சோர்ஸ் கோட் விற்றவர்களிடம்தான் இருந்தது. "திருத்த வேணாம் சிஸ்டர், உள்ள பூந்துடலாம்" என்றார்.

எப்படி என்று குடைந்தேன். எந்தப் புரோகிராமும் தனியாக வேலை செய்யாதாம். டிஎல்எல் என்கிற லைப்ரரி ஃபைல்களைத் துணைக்குக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுமாம். அவர் கொண்டு வந்தது ஒரு இன்ஜெக்டர் டூல். அது ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமின் நினைவகத்தில் கொஞ்சம் இடம் பிடிக்கும். அங்கே நம் ஃபைலின் பெயரை எழுதும். 'இதையும் ஏற்றிக்கொள்' என்று அந்தப் புரோகிராமுக்குள்ளேயே ஒரு வேலையைக் கிளப்பிவிடும். புரோகிராம் தன் கையாலேயே ஏற்றிக்கொள்ளும். அதற்கப்புறம் புரோகிராம் எதையெல்லாம் செய்யலாமோ, அதையெல்லாம் நம் ஃபைலும் செய்யலாம்.

"கல்யாண வூட்ல பூந்து சாப்புட்றவன் மாதிரி. பொண்ணு வூட்டுக்காரங்க மாப்ள சைடுன்னு நெனப்பாங்க, மாப்ள வூட்டுக்காரங்க பொண்ணு சைடுன்னு நெனப்பாங்க" என்று சிரித்தார். அவருடைய ஃபைலுக்கு ஒரே வேலை. பெட்டி வந்தால் யெஸ் அமுக்க வேண்டும்.

காலையிலேயே ஏற்றிவிட்டார். பெட்டி மின்னும், மறையும், டிரம் சுற்றும். எனக்கு ஒரே குஷி. மேனேஜர் இரண்டு பேருக்கும் டீ சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் என்னவோ போலாகிவிட்டது. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன். எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி மனசு அரித்தது. "இன்னா சிஸ்டர், இருப்பு கொள்ளலையா?" என்று பாய் கிண்டல் பண்ணினார். அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

ஜன்னலுக்கு ஓடினேன். மூன்றாம் டிரம்மின் வாய்க்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. வார் அறுந்த இடத்தில் சிவப்புக் கயிறு கட்டிய செருப்பு. ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து வரும் ஓர் அண்ணனுடையது. அவர் உள்ளே இருந்தார்.

திரையைப் பார்த்தேன். மூன்றாம் டிரம்முக்கு நேரே மீதி நேரம் குறைந்துகொண்டே வந்தது. அது தீர்ந்ததும் பெட்டி கேட்கும், பாயின் ஃபைல் யெஸ் சொல்லும். மவுஸைப் பிடுங்கி திரையிலிருந்த இன்ஜெக்டர் விண்டோவை மூடினேன். தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் முதலாம் டிரம்முக்கான பெட்டி மின்னி மறைந்தது. கீழே அந்த டிரம் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது.

"மூடிட்டனே பாய், இன்னும் அமுக்குதே!"

செருப்பை அவரும் பார்த்துவிட்டார். "ஊசிய எடுத்துட்டா மருந்து வெளிய வந்துடுமா சிஸ்டர்? அது உள்ள ஏறிடுச்சு" என்றார். நர்ஸ் பெற்ற பெண்ணுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கத்த வாயைத் திறந்தேன், பயத்தில் காற்றுதான் வந்தது. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரை ஓட்டுகிற யூபிஎஸ் பேட்டரி 'பீப் பீப்' என்றதே தவிர, திரை அணையவில்லை, மீதி நேரமும் நிற்கவில்லை. பாய் டீ கிளாஸைப் போட்டுவிட்டு மேஜைக்கு அடியில் பாய்ந்தார். கம்ப்யூட்டரின் முதுகிலிருந்த ஒயரைப் பிடித்து இழுத்தார்.

திரை இருண்டது. சுற்றிக்கொண்டிருந்த டிரம்களும் ஒவ்வொன்றாக நின்றன. டேனரியில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை.

மாடியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அந்த அண்ணன் டிரம்முக்குள்ளிருந்து தலையை நீட்டி, "கரண்ட் போச்சாம்மா?" என்றார். நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன். அவர் வெளியே வந்து, விளிம்பில் உட்கார்ந்து, செருப்பில் காலை நுழைத்தார்.

"காலைலேர்ந்து உன் சத்தமே காணோம். மூடுன டிரம்முக்கெல்லாம் இனிமே கத்த வேணாம்னு விட்டுட்டன்னு நெனச்சேன்" என்றார். "நீ கத்தாம இது சுத்தாதுன்னு தானம்மா நாங்க உள்ள எறங்குறோம்."

என் கத்தல் எனக்குத் தொண்டை வலி. அதை நம்பித்தான் அவர்கள் உள்ளே இறங்கினார்கள் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

பாய் அன்றே தன் ஃபைலை அடியோடு அழித்தார். போகும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜர் மறுபேச்சுப் பேசாமல் சென்சார்களை மாற்றினார், டிரம் பக்கத்திலிருந்த பழைய சுவிட்சுகளும் திரும்பி வந்தன. கதவு சரியாக மூடியிருந்தால் பெட்டி வராது என்றார்கள். பெட்டி வந்தாலும் வராவிட்டாலும், அங்கே வேலையில் இருந்தவரைக்கும் நான் கத்துவதை விடவில்லை.

இப்போது என் வீட்டுக் கம்ப்யூட்டர் 'நிச்சயமா?' என்று கேட்கும்போதெல்லாம், என் பிள்ளைகள் படிக்காமலேயே யெஸ்ஸைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு மட்டும் விரல் ஒரு கணம் நிற்கிறது, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று மனசு கத்திப் பார்க்கிறது.